சொந்த டொமைனில் மின்னஞ்சல்: ஹோஸ்டிங் பெட்டியா, வேர்க்ஸ்பேஸா?

கிளிநொச்சியில் அரிசி ஆலையோ முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரமோ நடத்துபவர் தன் டொமைனில், அதாவது தன் சொந்த இணையப் பெயரில், மின்னஞ்சல் வைத்திருக்க இரண்டு வழிகள்: இணையத்தள ஹோஸ்டிங்குடன் (தளத்தை வைத்திருக்கும் வாடகைச் சேர்வருடன்) வரும் அஞ்சல்பெட்டி, அல்லது கூகுளின் கட்டண அலுவலகச் சேவையான வேர்க்ஸ்பேஸ்.

முதலாவதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரே ஐபி முகவரியை (சேர்வரின் இணைய எண்ணை) பலர் பகிர்கிறார்கள். அவர்களில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால், கொழும்பு வாங்குநருக்கு நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலும் ஸ்பாமில் விழலாம். வெறும் விசாரணைகளைப் பெறுவதற்கு இது போதும். பணம் புழங்கும் கடிதங்களுக்கு நான் நம்பமாட்டேன்.

வேர்க்ஸ்பேஸ் ஆளுக்கு மாதக் கட்டணம் கேட்கிறது. விற்பனை, கணக்குப்பிரிவு என்று தனித்தனிப் பயனர் கணக்கு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்; ஒரே கணக்கில் மாற்று முகவரிகளை இலவசமாகச் சேர்க்கலாம்.

ஹோஸ்டிங் பெட்டியிலிருந்து வேர்க்ஸ்பேஸுக்கு மாறும்போதுதான் தலைவலி. டொமைனின் அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பழைய எம்எக்ஸ் பதிவை நீக்காவிட்டால் சில கடிதங்கள் பழைய பெட்டிக்கே போகும். உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே தோற்கும். கடிதங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகேஐஎம்மையும் இயக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இணையத்தளப் படிவத்தின் கடிதங்கள் மட்டும் வரவில்லையா? ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலில் மின்னஞ்சல் வழி இன்னும் உள்ளூர் சேர்வருக்கே இருக்கும். அதை வெளிச் சேர்வருக்கு மாற்றுங்கள்.