ஏற்காடு ஏறும் பழைய வண்டி ஓட்டம்: 7,500 ரூபாய் எங்கே போகிறது?

காருக்கு 7,500, பைக்குக்கு 4,000, வேடிக்கை பார்க்க வருபவருக்கு 800. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பழைய வண்டிகளை ஏற்றும் ஒருநாள் ஓட்டத்தின் கட்டணம் இது. லாபம் பார்க்கட்டும், அதில் தப்பில்லை. வாங்கிய காசு வண்டிக்குப் போகிறதா, மேடைக்குப் போகிறதா என்பதுதான் சங்கதி.

பையில் டீ-ஷர்ட், தொப்பி, ஸ்டிக்கர், மெடல். மொத்தமாக அடித்தால் 500 ரூபாயைத் தாண்டாது. காலையில் ஹோட்டல் பஃபே, அதில் கார்ன்ஃப்ளேக்ஸ் வேறு. சேலத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தட்டுவடை செட் கொடுத்திருந்தாலே மனசு நிறைந்திருக்கும்.

செலவு செய்ய வேண்டிய இடம் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். எல்லா வண்டிகளையும் ஒரே வரிசையில் விட்டு, நடுவழியில் ட்ரோன் படத்துக்காக ஏற்றத்திலேயே நிறுத்தினார்கள். பழைய பிரீமியர் பத்மினி காரைச் சூட்டோடு அப்படி நிறுத்தினால், இன்ஜினை ஒட்டியிருக்கும் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுக்கும், கார்பரேட்டர் காயும், செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் இறங்கும். பம்பில் ஈரத்துணி சுற்றி 10 நிமிடம் விட்டால் சரியாகிற விஷயம். அந்தத் துணிக்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் அங்கே ஆள் இல்லை. பைக்குகளை முதலில் அனுப்பி, கார்களை 2 நிமிட இடைவெளியில் விட்டிருந்தால் இந்தக் கூத்தே வராது.

இறக்கம் இன்னும் மோசம். நான்கு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டி, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டாப் கியரில் விட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் லைனிங் கருகும் வாடை வரும், அப்புறம் பெடல் மிதித்தாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் பழசாக இருந்தால், அது உறிஞ்சிய ஈரம் கொதித்து பெடல் தரை வரை போய்விடும். இதைச் சொல்லவேண்டிய டிரைவர் மீட்டிங்கில் ஸ்பான்சர் பேச்சுதான் ஓடியது. அடிவாரத்தில் சேர்ந்ததும் சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

பெரிய ஓட்டை இன்ஷூரன்ஸ். வழக்கமான வண்டி பாலிசி ரேஸ், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரயல் (வண்டி தாங்குகிறதா என்று பார்க்கும் ஓட்டம்) எதற்கும் செல்லாது என்று பாலிசித் தாளிலேயே இருக்கும். பொதுச் சாலையில் நேரம் குறித்து ஓட்டினால் அரசு அனுமதியில்லாத ரேஸைக் குற்றமாக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவும் வரும். 7,500 வாங்குபவர் நிகழ்ச்சிக்கென்று தனி பாலிசி எடுத்து, அதன் நகலைப் பதிவின்போதே கையில் தர வேண்டும். இங்கே கேட்டதற்கு ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1993-இல் தொடங்கிய குட்வுட் ஃபெஸ்டிவல் ஆஃப் ஸ்பீடும் மலையேற்ற ஓட்டம்தான், பாதை 2 கிலோமீட்டர்கூட இல்லை. டிக்கெட் விலை அதிகம் என்று அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனால் டிக்கெட் வாங்கியவர் வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக்குக்குள் நடந்துபோய் இன்ஜின் பக்கத்திலேயே நிற்கலாம். இங்கே 800 கொடுத்தவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம்; உள்ளே வரத் தனி பாஸ்.

ஐந்துக்கு இரண்டு. அடுத்த வருஷமும் போவதாக இருந்தால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும், எத்தனால் தாங்கும் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரமும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பழைய யெஸ்டி பைக்காரர்கள் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலைக் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர், துணி, கல் எல்லாரும்.