பொதிகை எக்ஸ்பிரஸ்: பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே வண்டி

சென்னையிலிருந்து தென்காசிப் பக்கம் போக எந்த வண்டி நல்லது என்று யாராவது கேட்டால், பொதிகை எக்ஸ்பிரஸ் என்று யோசிக்காமல் சொல்வேன். ஏன் என்று சொல்ல என் குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ராஜபாளையத்தில் இருக்கிறார்கள். தம்பி சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். மாமனார், மாமியார், கணவரின் அக்கா எல்லாரும் தென்காசியில். இந்த மூன்று ஊர்களையும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்துத் தொட்டுக்கொண்டு போகிற வண்டி இது. முதலில் யார் வீட்டுக்குப் போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. தண்டவாளம் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் நாங்களும் போகிறோம்.

எழும்பூரில் புறப்பட்டு, தாம்பரம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை. விருதுநகரில் செங்கோட்டைத் தடத்தில் பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, முடிவில் செங்கோட்டை. மொத்தம் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். நாங்கள் தாம்பரத்தில் ஏறுகிறோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழை இலையில் கட்டிக்கொண்டு ஏறினால், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதன் பிறகு மதுரை வரை இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கிவிடுகிறேன். இரவு வண்டிக்கு இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

என் கருத்தில் இதில் ஸ்லீப்பர் பெட்டிதான் சிறந்தது. ஏ.சி. பெட்டியில் போர்வை, தலையணை தருகிறார்கள், தூசி வராது, சத்தமும் குறைவு. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் ஏ.சி. பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடியாது. சிவகாசி பிளாட்பாரத்தில் என் தம்பி நிற்பான். எனக்கு ஜன்னல் திறந்தாக வேண்டும்.

அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அதற்கு முன்னால் ஆல்ப வேலை, அதற்குப் பின்னால் மார்கழி வரை ஆர்டர் வேலை. குற்றாலச் சீசனை ஒட்டி நாங்கள் ஊருக்குப் போகிற அதே ஆடி மாதத்தில் அவனுக்கு விடுப்பு என்று வாயெடுக்கவே முடியாது. அதனால் வண்டி சிவகாசியில் நிற்கிற அந்த ஓரிரு நிமிடங்களுக்காகவே எழுந்து வருவான். எங்கள் பெட்டி எண்ணை முந்தின இரவே அனுப்பிவிடுவேன். இருட்டு முழுவதும் பிரிந்திருக்காது. வண்டி வேகம் குறையும்போதே என் மகள் ஜன்னல் ஓரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டிருப்பாள். முதலில் கம்பிகளுக்கு நடுவே அவன் விரல்கள் தெரியும், நகக்கண்களில் நீல மையோடு. அவள் "மாமா" என்று அவற்றைப் பிடித்துக்கொள்வாள். அச்சில் வண்ணம் சற்று விலகியதால் ஒதுக்கிவிட்ட மயில் படம், முருகன் படம், பூக்கூடைப் படம் எல்லாவற்றையும் கம்பிக்குள் நுழைகிற அளவுக்கு இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டுவான். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்" என்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அந்தச் சுருளை மகள் ராஜபாளையம் வரை பிரிக்க மாட்டாள். அச்சு மை வாசனையை முகர்ந்துகொண்டே வருவாள். ஏ.சி. டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் பணம் போடக் கணவர் தயாராகத்தான் இருக்கிறார். இந்த ஜன்னலுக்காக நான் மறுத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொழுது புலரத் தொடங்கும். வண்டி போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கிருந்து உடன் வரத் தொடங்கும். சூரியன் கிழக்கே எழுவதால் முதல் வெளிச்சம் நேராக மலையின் முகத்தில் விழும். அடிவாரம் நீலமாகவே கிடக்க, உச்சி மட்டும் சிவக்கும். ஆடி மாதமானால் உச்சிக்கு மேலே மேகம் இறங்கி மலையைப் பாதியாக வெட்டியிருக்கும். ராஜபாளையத்துக்கு அப்பால் போகிறவர்களுக்கு இன்னும் நல்ல இருக்கை கிடைக்கும். நடுப் படுக்கையை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரைதான் விரித்து வைக்கலாம் என்பது விதி. விடிந்து அதை மடக்கியதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி போகலாம். சங்கரன்கோவிலை நெருங்கும்போது பாதை கிழக்கே ஒதுங்குவதால் மலை தள்ளிப் போய்விடும். பாம்புக்கோவில் சந்தை கடந்து கடையநல்லூர் வரும்போது மறுபடி பக்கத்தில் வந்து நிற்கும். தென்காசியில் இறங்கும்போது சாரல் முகத்தில் அடித்தால் அந்த ஆண்டுச் சீசன் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

நாங்கள் முதலில் இறங்குவது ராஜபாளையம். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிப்டுக்கு எழுந்து பழகிய உடம்பு, விடியற்காலை வண்டி அவருக்கு ஒரு சிரமமே இல்லை. எங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று கணக்கிட்டு, சரியாக அந்த இடத்தில் நிற்பார். பேத்தியை டி.வி.எஸ். வண்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டு அவர் கிளம்பிவிட, நாங்கள் பெட்டிகளோடு ஆட்டோவில் போவோம். அம்மா வாசலிலேயே "முகத்தைக் கழுவிவிட்டு வா, காபி ஆறுகிறது" என்பாள். அந்த வட்டாரத்துச் சப்பட்டை மாம்பழத்தின் காலம் முடிந்துகொண்டிருக்கும். கடைசியாகக் கிடைத்ததை வைக்கோலில் பொதிந்து எங்களுக்காக வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் பஸ் பிடித்து வந்துவிட்டால், நால்வரும் பழையபடி அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் கணவர் கூடத்தில் மகளோடு சாப்பிட்டுவிடுவார். "நீங்கள் பேசி முடியுங்கள்" என்று அவராகவே விட்டுக்கொடுக்கிற நேரம் அது. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடும்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு மதுரை – செங்கோட்டை பாசஞ்சர் வண்டியில் போவோம். அவசரம் என்றால் வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகப் போகும் பஸ்தான் வசதி, அடிக்கடி உண்டு. ஆனாலும் பாசஞ்சரில் கட்டணம் குறைவு, மகள் எழுந்து நடக்கலாம், கூடையோடு ஏறுகிற பெண்கள் கொய்யாப் பழம் தருவார்கள், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை.

தென்காசி வீட்டில் அத்தை எங்களுக்காக முதல் நாள் செய்வது உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். தோலோடு உள்ள கறுப்பு உளுந்தை வறுத்து, பூண்டும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அரிசியோடு குழைய விடுவார். கல்யாணமான புதிதில் அந்தக் கறுத்த சோற்றை நான் சந்தேகத்தோடு பார்த்தேன். இப்போது தாம்பரம் வீட்டிலும் அதைத்தான் செய்கிறேன், அவர் கைப்பக்குவம் மட்டும் வரவில்லை. மாலையில் மாமா பேத்தியைக் காசி விசுவநாதர் கோவிலுக்கு அழைத்துப் போவார். அந்த ராஜகோபுர வாசலில் காற்று எப்போதும் தள்ளும்; ஆடிக் காற்றில் என் மகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டுக்கொண்டே உள்ளே ஓடுவாள். மதினியும் நானும் பொழுது விடியுமுன்பே எழுந்து டவுன் பஸ்ஸில் குற்றாலம் போய்விடுவோம். கூட்டம் சேர்வதற்கு முன் பேரருவியில் பெண்கள் பக்கம் நின்று, தண்ணீர் தோளை அடிக்க அடிக்க, வேறு எங்கேயும் பேச முடியாததை எல்லாம் பேசிவிடலாம். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. மாமியார் வீட்டைப் பற்றி மருமகள்கள் சொல்லும் கதைகள் ஊரில் எத்தனையோ உண்டு. என் அனுபவத்தில், அந்த வீட்டுக்குப் போக எனக்கு நாள் எண்ணத் தோன்றுகிறது.

திரும்பும் பயணத்திலும் இந்த வண்டி தன் அருமையைக் காட்டும். மாலையில் செங்கோட்டையில் புறப்பட்டு உடனே தென்காசிக்கு வந்துவிடுவதால் இருள்வதற்குள் ஏறிவிடலாம். அத்தை தரும் மூட்டையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: உரித்த தேங்காய்கள், கூழ் வத்தல், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. எல்லாம் லோயர் பெர்த்தின் அடியில் அடங்கிவிடும். ஒரு முறை டிக்கெட் கிடைக்காமல் ஓர் ஆம்னி பஸ்ஸில் வந்தோம். பண்டிகைக் காலம் என்று பல மடங்கு கட்டணம் வாங்கினார்கள். மூட்டைகளை அடியில் போட்டதில் ஊறுகாய் ஜாடி உடைந்து மற்றதையும் பாழாக்கியது. அத்தையிடம் அதை நான் சொல்லவில்லை.

ராஜபாளையத்தில் வண்டி நிற்கும்போது அப்பாவும் அம்மாவும் மறுபடி பிளாட்பாரத்தில் நிற்பார்கள். அம்மா கையில் சுடச்சுட இரவுச் சாப்பாடு. அப்பா கையில் முந்தின நாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வாங்கி வைத்த பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் கிளறிய அந்தப் பண்டம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. என் அலுவலகத்தில் அதற்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாமியார் வீட்டில் விடைபெற்று வந்த அதே பயணத்தில் அம்மா கையால் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்கிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்!

வேறு வண்டிகளும் உண்டு. சிலம்பு எக்ஸ்பிரஸ் காரைக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை வழியாகச் செங்கோட்டைக்கு வருகிறது, ஆனால் வாரத்தில் சில நாட்கள் மட்டும். சிவகங்கைப் பக்கத்தில் சொந்தம் உள்ளவர்களுக்கு அது ஏற்றது. கொல்லம் எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, ஆனால் எங்கள் ஊர்களை விடிவதற்கு முன்பே கடந்துவிடும். மீட்டர்கேஜ் காலத்துக் கொல்லம் மெயிலில் போய்வந்ததை அப்பா இன்னும் சொல்வார். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையை அகலப்பாதையாக்க 2010இல் மூடி 2018இல் திறந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. இருந்தாலும் மலையை வெளிச்சத்தில் காட்டுகிற வண்டி பொதிகைதான்.

குறை என்றால் ஒன்றுதான்: இத்தனை ஊர்ச் சனத்துக்கு இந்த ஒரு வண்டியின் இடங்கள் போதாது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். இதே நேரத்தையொட்டி இதே வழியில் இன்னொரு தினசரி வண்டி கட்டாயம் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையும் திரும்ப வர வேண்டும். எங்கள் நான்கு பெற்றோரும் அடிக்கடி வர ஆசைப்படுகிறார்கள்; நால்வருக்கும் முழுக் கட்டணம் என்றால் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறார்கள்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் தனிப் படுக்கை கிடையாது. முழுக் கட்டணம் கொடுத்துப் படுக்கை வாங்கிவிடுங்கள், இரவு நிம்மதியாக இருக்கும். பெரியவர்களைத் தனியாக அனுப்புவதாக இருந்தால் லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் பதிவு செய்யுங்கள். அறுபது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் அது உண்டு. அத்தை முதன்முதலாகத் தனியாகச் சென்னைக்கு வந்தது அப்படித்தான். தாம்பரத்தில் இறங்கும்போது எதிர் இருக்கைக் குடும்பத்தின் முகவரி, மகள் கல்யாணத் தேதி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது, அதுவும் காலை எட்டு மணிக்கு. தத்கல் என்றால் முந்தின நாள், ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நவம்பர் நடுவிலேயே நாளைக் குறித்துக்கொண்டு எட்டு மணிக்கு முன்னால் தயாராக உட்கார்ந்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கும் அதற்குரிய நாளில் அப்படியே உட்கார வேண்டியிருக்கும், ஏனென்றால் அதுதான் முதலில் தீர்ந்துபோகிறது.