'முதல் இடம் கேரண்டி' என்று ஃபோன் வந்தால்

போன வாரம் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஜவுளி வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் செல்போனை என்னிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பாருங்க தம்பி, நல்ல கம்பெனிதானுங்களா? மாசம் பதினஞ்சாயிரம் கேக்கறாங்க." திரை நிறையப் பச்சை அம்புக்குறிகள். கீழே, '30 நாளில் கூகுள் முதல் பக்கம், கேரண்டி.' பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூகுள் தேடலில் கடையை முன்னுக்குக் கொண்டுவருகிறோம் என்ற ஒரு கம்பெனியிடம் இதே அச்சில் எட்டு மாதம் அறிக்கை வாங்கியவன் நான். பெயரை இங்கே போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பவானியில் ஜமக்காளம் விற்கிறோம். தாத்தா காலத்துத் தொழில். குழித்தறியில் நெய்கிற நாலைந்து குடும்பங்களிடம் சரக்கு எடுக்கிறோம். வெளியூரிலிருந்து ஃபோனில் கேட்பவர்கள் அதிகமானதால் 2021-இல் ஒரு வெப்சைட் போட்டோம். 'பவானி ஜமக்காளம்' என்று தேடினால் இரண்டாம் பக்கத்தில் வருவோம். வாரத்துக்கு ஏழெட்டு விசாரணை, அதில் மூன்று நான்கு ஆர்டர். அதற்கே அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது. கோயமுத்தூரிலிருந்து பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணா, ரெண்டாம் பக்கத்துக்கு யாருமே போறதில்லீங்கண்ணா. உங்க சரக்கு முதல் பக்கத்துல நிக்க வேண்டிய சரக்கு." நம் சரக்கைப் புகழ்ந்தால் மனம் இளகிவிடுகிறது. ஆரம்பக் கட்டணம் 25,000, அதன்பின் மாதம் 15,000. வெப்சைட் பாஸ்வேர்டு, கூகுள் மேப்பில் இருக்கும் கடைப் பக்கம் எல்லாவற்றையும் கொடுத்தோம். "டொமைன் ரினியூவல் தொல்லையும் உங்களுக்கு வேண்டாம், எங்க கணக்குக்கு மாத்திக்கிறோம்" என்றார்கள். டொமைன் என்பது வெப்சைட்டின் முகவரிப் பெயர். அதற்கும் ஓடிபி சொன்னேன். எங்கள் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றி அவர்கள் வீட்டில் மாட்டச் சம்மதித்ததற்குச் சமம் அது என்பது அன்றைக்குத் தெரியவில்லை.

முதல் மாத அறிக்கையில் 14 சொற்றொடர்களுக்கு நாங்கள் முதல் இடம். மூன்றாம் மாதம் வருகை 9,000. அப்பா அதை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். ஆனால் ஃபோன் முன்பு அடித்த அளவுகூட அடிக்கவில்லை. கேட்டால், "பிராண்ட் இப்பத்தான் பாப்புலர் ஆகுதுங்கண்ணா, ஆர்டர் பின்னாடியே வரும்" என்றார்கள். ஆடி போனது, ஐப்பசியும் போனது. கல்யாண சீசனிலும் அதே கதைதான்.

எட்டாம் மாதம் அக்கா மகள் லீவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் படிக்கிறவள். "மாமா, இவங்க குடுத்த பேப்பரை விடுங்க. கூகுளே ஓசியில ஒரு கணக்குக் காட்டும், அதைப் பாக்கலாம்" என்றாள். அதுதான் சர்ச் கன்சோல். கூகுளில் என்ன தேடியவர்களுக்கு நம் சைட் தெரிந்தது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சைட்டின் ஃபைல்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கு மட்டும் அப்பா பெயரில் இருந்ததால், ஒரு ஃபைலை ஏற்றி நாங்கள்தான் உரிமையாளர் என்று அவளால் நிரூபிக்க முடிந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் கூகுளிலிருந்து வந்தவர்கள் ஒரு நாளைக்கு ஆறு பேர். அந்த 14 சொற்றொடர்களில் பாதி அந்தப் பட்டியலிலேயே இல்லை. 'பவானி கைத்தறி ஜமக்காளம் மொத்த விலை ஆன்லைன் ஈரோடு மாவட்டம்' என்று எந்த மனிதர் தேடுவார்? யாரும் தேடாத வரிக்கு முதல் இடம் பிடிக்கப் போட்டியே கிடையாது. சரி, 9,000 வருகை? அது, எந்த வழியாக வந்தாலும் சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் அனலிட்டிக்ஸ் கணக்கில் மட்டும் இருந்தது. பெரும்பகுதி அமெரிக்காவில் ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து, ஒரு விநாடிகூட நிற்காத வருகை. டேட்டா சென்டர்கள், அதாவது பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள், குவிந்திருக்கும் ஊர் அது. வந்ததெல்லாம் ஆட்கள் இல்லை, இயந்திரங்கள்.

அதைவிட மோசமானது அடுத்த பக்கத்தில் இருந்தது. வேறு சைட்டுகளில் இருந்த, தொட்டால் எங்கள் சைட்டுக்குக் கொண்டுவரும் லிங்குகளின் பட்டியல். சூதாட்ட சைட்டுகள், மாத்திரை விற்கும் சைட்டுகள், என்ன மொழி என்றே தெரியாத பக்கங்கள். அங்கெல்லாம் எங்கள் கடைப் பெயர். அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை, எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

இந்த லிங்க் விவகாரம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் புரிய வேண்டும். 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே இதுதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால், நாலு பேர் ஒரு கடையைக் கைகாட்டுவது போல. கைகாட்டுகிறவர் ஊரில் மதிப்பானவர் என்றால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும். அதனால்தான் காசு கொடுத்துக் கைகாட்ட வைக்கும் வியாபாரம் முளைத்தது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து கூகுள் அந்த மாதிரி லிங்க் வைத்த சைட்டுகளைத் தானாகவே கீழே இறக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷமே, 2011 பிப்ரவரியில், அமெரிக்காவின் பெரிய கடைத்தொடர் ஜே.சி. பென்னியின் விஷயத்தை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தரைவிரிப்பு, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அவர்கள்தான் முதலில் வந்துகொண்டிருந்தார்கள். காரணம் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான சைட்டுகளில் இருந்த லிங்குகள். கூகுள் கை வைத்ததும் சில தேடல்களில் முதல் இடத்திலிருந்து 71-ஆம் இடம் வரை இறங்கினார்கள். அவ்வளவு பெரிய கடைக்கே அந்த கதி.

எங்களுக்கும் அந்தத் தண்டனை வந்திருந்தது. 'இயல்புக்கு மாறான லிங்குகள்' என்று கூகுள் இரண்டு மாதம் முன்பே அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. போனது அவர்கள் ஈமெயிலுக்கு. அதை மறைத்துவிட்டு அடுத்த இரண்டு மாதமும் பச்சை அம்புக்குறி அனுப்பி 30,000 வாங்கியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். வேலை தெரியாமல் கெடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மேப் பக்கத்திலும் கைவரிசை. ஒரே வாரத்தில் 40 ஐந்து நட்சத்திர ரிவ்யூ. அதே ஆட்கள் வேறு மாநிலத்தில் சலூனுக்கும் பல் கிளினிக்குக்கும் அதே வாரம் ரிவ்யூ போட்டிருக்கிறார்கள். கூகுள் அவற்றை நீக்கியபோது எங்கள் நிஜ வாடிக்கையாளர்கள் எழுதியதிலும் சில போய்விட்டன. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஒரு சேலத்து அம்மா ஆசையாகப் படம் போட்டு எழுதியிருந்தார். அது திரும்ப வரவில்லை.

பணம் கட்டுவதை நிறுத்தினோம். டொமைனைத் திருப்பித் தர 40,000 கேட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகே கைக்கு வந்தது. லிங்குகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு சைட்டுக்கும் எழுதினோம். பதில் வராதவற்றை 'இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று பட்டியலிட்டுக் கூகுளுக்குக் கொடுத்து, மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டாவதில் தண்டனை நீங்கியது. ஆனாலும் இப்போது மூன்றாம் பக்கத்தில்தான் நிற்கிறோம். கொடுத்த 1,45,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நேர்மையாக இந்த வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்பார்கள், சர்ச் கன்சோலை உங்கள் பெயரிலேயே திறந்துகொடுப்பார்கள், எந்தெந்த சைட்டிலிருந்து லிங்க் வருகிறது என்று கேட்டால் காட்டுவார்கள். டொமைனும் மேப் பக்கமும் உங்கள் ஈமெயிலில்தான் இருக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள், வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிடலாம். ஃபோனில் விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியுங்க?" என்று கேட்டு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டு என்னிடம் இருந்திருந்தால் மூன்றாம் மாதமே விழித்திருப்பேன்.

அவர்கள் அனுப்பிய எட்டு அறிக்கைகளும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஈரோடு, கோபி, அந்தியூர் பக்கம் யாருக்காவது பச்சை அம்புக்குறியோடு இப்படி ஒன்று வந்திருந்தால், அடுத்த மாதப் பணம் கட்டும் முன் கடைக்கு எடுத்துவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.