என் பேட்டரியை எனக்கே விற்றார்கள்: பழைய ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்

கடையின் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போடவேண்டாம், புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் சொல்வதாக இல்லை. திருநெல்வேலியில் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவு போதும்.

என்னுடையது 2014 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் என்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. அந்த மோட்டாருக்கான பெரிய பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 2018-இல் 62,000 கிலோமீட்டரில் செகண்ட் ஹேண்டாக எடுத்தேன், இப்போது 2,31,000. வியாபாரத்துக்காக நாகர்கோவில், தென்காசி, தூத்துக்குடி என்று வாரம் முழுக்க ஓடுகிறவன் நான். இத்தனை பெரிய வண்டி எனக்கு லிட்டருக்கு 16, 17 கொடுக்கிறது. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஊர்ந்து போகும்போது என்ஜின் அணைந்து சத்தமே இல்லாமல் நகரும், அந்தச் சுகத்துக்காகவே வாங்கலாம். பிரேக் பிடிக்கும்போது பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேடு இதுவரை ஒரே ஒரு முறைதான் மாற்றினேன். ஆக வண்டிமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

போன மே மாதம், கத்திரி வெயில். நாகர்கோவிலில் இருந்து திரும்பும்போது நாங்குநேரி தாண்டியதும் மீட்டரில் ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கச் சொல்லி எச்சரிக்கை வந்துவிட்டது. வண்டி ஓடியது, இழுவையும் குறையவில்லை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பின் சீட்டுப் பக்கம் மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, ஏசி சத்தம் என்று நான் கண்டுகொள்ளவில்லை. இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீசுக்குப் போயிருக்கவேண்டும். செலவு எக்கச்சக்கமாகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் சொன்னார் என்று இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டினார்கள், பின் சீட்டைக் கழற்றினார்கள், பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பெரிய பேட்டரி செத்துப்போச்சு. இனிமே வண்டிய எடுக்காதிய, தீப்பிடிச்சிரும். நான் உங்க நல்லதுக்குச் சொல்லுதேன்."

புதுசு என்றால் 3 லட்சத்து 40 ஆயிரமாம். டெல்லியில் இருந்து ரீகண்டிஷன் பண்ணினது வரவழைத்தால் 1,65,000-க்கு முடித்துவிடலாமாம், ஒரு வருட கேரண்டியாம். தீப்பிடிக்கும் என்ற வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டபிறகு மனுஷனுக்கு மூளை ஓடாது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிற வண்டி. 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், சீட்டைக் கழற்றியிருந்தபோது பையனிடம் காட்டலாமே என்று பேட்டரி பெட்டியையும் ஸ்கேனர் திரையையும் போனில் நாலைந்து படம் எடுத்துவைத்தது.

19 நாள் வண்டி அங்கேயே கிடந்தது. ஒரு நாள் லாரி வரவில்லை, ஒரு நாள் டெல்லியில் லீவு, ஒரு நாள் அவருக்கே சளி. கடைசியில் வண்டியைக் கொடுத்தார்கள், எச்சரிக்கை போயிருந்தது, சத்தமும் குறைந்திருந்தது. ஏசி கேஸும் நிரப்பிவிடலாமா என்று கேட்டார்கள், கையில் காசில்லாததால் வேண்டாம் என்றேன். அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று பிறகு சொல்கிறேன். மொத்தம் 1,85,300 கட்டினேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி பில்லை விரித்துப் பார்த்தால், பேட்டரிக்குக் கீழே "செல்ஃப் மோட்டார் சர்வீஸ் 4,500, ஃபேன் பெல்ட் 1,800, சின்ன பேட்டரி 14,000" என்று இருக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற மச்சினன் மகன்தான் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இந்த வண்டியில செல்ஃப் மோட்டாரே கிடையாதே!" கியர்பாக்ஸுக்குள் இருக்கிற மோட்டார்தான் என்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிறது. டைனமோவும் கிடையாது. வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங், ஏசி கம்ப்ரசர் எல்லாமே கரண்டில் ஓடுவதால் என்ஜின் முன்னால் ஃபேன் பெல்ட்டும் கிடையாது. இல்லாத சாமானுக்கு 6,300 ரூபாய் கொடுத்திருக்கிறேன். போனில் கேட்டதற்கு, பில் போடுகிற பையன் தெரியாமல் எழுதிவிட்டான் என்றார்கள்.

23-ஆம் நாள் அதே எச்சரிக்கை திரும்ப வந்தது. ஒர்க்‌ஷாப்பில் போனை எடுக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஹைப்ரிட் வண்டி மட்டுமே பார்க்கிற ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆரல்வாய்மொழி வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் முதலில் கேட்டதே ஸ்கேனரில் என்ன கோடு (code, பழுது எது என்று சொல்கிற எண்) வந்தது என்பதுதான். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். பி-0-ஏ-80 என்று வந்தால்தான் பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று அர்த்தமாம். என் படத்தில் இருந்தது பி-0-ஏ-82. அது பேட்டரியைக் குளிர்விக்கிற ஃபேனுக்கு உண்டான கோடு. ஒரே ஒரு எண் வித்தியாசம், எனக்கு 1,65,000 ரூபாய்.

அப்புறம் தன் ஸ்கேனரை மாட்டி பேட்டரியின் வோல்டேஜைக் காட்டினார். இந்த பேட்டரியில் 34 மாட்யூல் (செல்கள் சேர்ந்த சின்னப் பெட்டிகள்), இரண்டிரண்டாகச் சேர்த்து ஸ்கேனரில் 17 வரி வரும். 17-உம் 15.7 வோல்ட்டுக்கும் 15.9 வோல்ட்டுக்கும் நடுவிலேயே நின்றன. ஒரு செல் செத்திருந்தால் அந்த ஒரு வரி மட்டும் 1 வோல்ட்டுக்கு மேல் கீழே தொங்கும் என்றார். உண்மையிலேயே பேட்டரி போயிருந்தால் மீட்டரில் சார்ஜ் அளவைக் காட்டுகிற கட்டங்கள் சரசரவென்று ஏறி இறங்குமாம், எனக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

சரி, டெல்லி பேட்டரியாவது நல்ல பேட்டரி என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது அவர் சீட்டைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தார். என் போன் படத்தைப் பார்த்தார். திரும்பவும் ஸ்டிக்கரைப் பார்த்தார். நம்பர் ஒன்றேதான். என் வண்டியில் பிறந்து வளர்ந்த அதே பேட்டரி. ஃபேனை மேலோட்டமாக ஊதிவிட்டு, ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை அழித்துவிட்டு, அதையே திரும்ப மாட்டித் தந்திருக்கிறார்கள்.

ஃபேனைக் கழற்றினால் உள்ளே முழுக்க இலவம்பஞ்சு. இது என் வீட்டுத் தப்பு, மறைக்கமாட்டேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, ஒரு தலையணை முதுகுக்கு, இன்னொன்று பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் எப்போதும் கிடக்கும். அந்தப் பலகையில் இருக்கிற சல்லடை வழியாகத்தான் பேட்டரிக்குக் காற்றே போகிறது. உறை ஒரு ஓரம் கிழிந்திருந்தது. ஃபேன் அத்தனையையும் உறிஞ்சியிருக்கிறது, காற்று போதாமல் இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கிறது, அதுதான் அந்த மிக்சி சத்தம். சுத்தம் பண்ணி மாட்டுவதற்கு அவர் வாங்கியது 3,500. சல்லடையை வெளியே இருந்து வேக்யூம் போட்டு நாமே சுத்தம் செய்யலாம், சீட்டைக் கழற்றி உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள், 245 வோல்ட் பேட்டரி அது.

பில்லில் சின்ன பேட்டரி என்று போட்டிருந்தார்களே, டிக்கியில் இருக்கிற அந்த 12 வோல்ட் பேட்டரியையும் பார்த்தார். டிக்கியும் வண்டிக்குள்தானே, அதனால் அதில் வருகிற வாயுவை வெளியே விட ஒரு குழாய் மாட்டுகிற தனி வகை பேட்டரிதான் அங்கே வைக்கவேண்டும். 14,000 வாங்கிக்கொண்டு சாதாரண கார் பேட்டரியை வைத்திருக்கிறார்கள், குழாய் சும்மா தொங்குகிறது. ஏசி விஷயமும் அவர்தான் சொன்னார். இந்த கம்ப்ரசருக்குள்ளேயே ஹை வோல்டேஜ் மோட்டார் இருக்கிறது, அதற்குக் கரண்ட் கடத்தாத தனி ஆயில். சாதாரண ஏசி ஆயில் கலந்தால் கரண்ட் கசிய ஆரம்பித்து வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவிடுமாம். அன்றைக்கு என் கையில் காசிருந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும்.

திரும்பி வந்து நேரில் போய்க் கேட்டேன். "ஸ்டிக்கரெல்லாம் மாத்தி ஒட்டுவாங்க அண்ணாச்சி, உள்ள செல்லு எல்லாம் புதுசு" என்றார் கண்ணைச் சிமிட்டாமல். அப்படியென்றால் என் பழைய ஸ்டிக்கர் டெல்லிக்கு எப்படிப் போனது என்று கேட்டேன், டீ சாப்பிடுகிறீர்களா என்றார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிவிட்டு, நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். வக்கீல் ஒருவரிடம் காட்டியபோது ஸ்டிக்கர் படங்களைவிட அந்த பில்லைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். செல்ஃப் மோட்டார் சர்வீஸ் 4,500 என்று அவர்கள் கையெழுத்திலேயே, கடை சீலோடு இருக்கிறது. லேமினேட் பண்ணாதீர்கள், ஒரிஜினலாகவே இருக்கட்டும் என்றார்.