எச்சரிக்கை: 150 ஃபிராங்க் கட்டாதவர்களிடம் 2,36,000 ரூபாய் கொடுத்தோம்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 2,36,000 ரூபாய். இன்று மாலை அந்த மையத்தின் படியிறங்கி வந்ததிலிருந்து இந்த எண் மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு 11 மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறவள் நான். இந்தப் பதிவில் சந்திப்பிழை ஏதும் இருந்தால் இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மையத்தின் பெயரைப் போடவில்லை. "வழக்குப் போடும் வரை பெயரை எழுதிவிடாதே அக்கா" என்று வழக்கறிஞரான என் தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறான். திருச்சியில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் மையம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்க நாட்டுக் கொடிகள், போய் உட்கார்ந்ததும் ஏலக்காய் போட்ட தேநீர். இப்படிப்பட்டவை ஊருக்கு ஊர் இருக்கின்றன. எது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.

என் மகள் இயந்திரப் பொறியியல் முடித்தவள். இரண்டாம் ஆண்டிலிருந்தே அவளுக்குச் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் என்றுதான் பேச்சு. 1855இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஐன்ஸ்டைன் படித்த இடம் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் அங்கே படித்தது இயந்திரப் பொறியியல்தான் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. ஊரின் நடுவிலிருந்து பல்கலைக்கழக மேட்டுக்கு ஏறும் சின்னச் சிவப்புக் கயிற்று ரயில் ஒன்று உண்டு, 1889இலிருந்து ஓடுகிறதாம். அதன் படம்தான் அவளுடைய கைப்பேசித் திரையில். "பழனி விஞ்ச் மாதிரி இருக்கிறதே" என்றேன் ஒருநாள். "அதேதான் அம்மா, மேலே முருகனுக்குப் பதில் முதுகலை" என்றாள்.

விண்ணப்பத்தைத் தானே போட்டுக்கொள்வதாகத்தான் அவள் சொன்னாள். இதை மறைத்தால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. நவம்பர் 1 முதல் 30 வரை இணையத்தில் விண்ணப்பம் திறந்திருக்கும், சான்றிதழ்களை ஏற்ற வேண்டும், 150 ஃபிராங்க் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும், நம் பணத்தில் பதினைந்து பதினாறாயிரம் வரும், அவ்வளவுதான் அம்மா என்றாள். கேட்டேனா? எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரின் மகன் ஒரு மையத்தின் மூலமாகத்தான் அயர்லாந்து போனான். விவரம் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் பிழை வராது என்று பிடிவாதம் பிடித்தவள் நான்.

ஆகஸ்டில் போனோம். எங்களிடம் பேசிய பையனுக்கு 26, 27 வயதிருக்கும். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அதுவரை 'மேடம்' என்றவன் 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினான். மேசையில் அவர்களுடைய துண்டறிக்கை கிடந்தது. தலைப்பு, 'வெளிநாட்டு கல்வி வழிகாட்டி'. பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, இந்த இடத்தில் வல்லினம் மிகும். வெளிநாட்டுக் கல்வி என்று இருக்க வேண்டும்" என்றேன். வேறொருவனாக இருந்தால் சிரித்துக் கடந்திருப்பான். இவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒரு 'க்' எழுதிச் சேர்த்தான். "அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்திவிடுகிறோம் டீச்சர். எட்டாம் வகுப்பில் எனக்கும் இப்படி ஒரு தமிழம்மா இருந்தார்கள்" என்றான்.

அந்த இடத்தில் விழுந்தேன். வேறு எதிலும் இல்லை. அவன் எந்தக் கல்லூரியில் படித்தான், எத்தனை பேரை அனுப்பியிருக்கிறான் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு மெய்யெழுத்துக்கு 2,36,000 ரூபாய் கொடுத்த தமிழாசிரியை இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. இப்போது எரிவதும் அதுதான். வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு 2025 இலையுதிர்காலத்திலிருந்து கட்டணத்தை மூன்று மடங்காக்கிவிட்டார்கள், பருவத்துக்கு 730 ஃபிராங்காக இருந்தது 2,190 ஆகிவிட்டது என்றான். உண்மை. பருவத்துக்கு 12,000 ஃபிராங்க் தரும் சிறப்பு உதவித்தொகை ஒன்று இருக்கிறது, அது கிடைத்தால் கல்விக் கட்டணமும் இல்லை என்றான். அதுவும் உண்மை. "உள்ளே எங்களுக்கு ஆள் இருக்கிறது டீச்சர், வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு" என்றானே, அது பொய். முதல் இரண்டு உண்மைகளின் தோளில் ஏறி அந்தப் பொய் உள்ளே வந்துவிட்டது.

மகள் விடவில்லை. அந்த உதவித்தொகைக்கு முதுகலை ஆய்வுக்கான ஒரு முன்வரைவை மாணவரே எழுதித் தர வேண்டுமே என்று கேட்டாள். "எங்கள் நிபுணர் எழுதிவிடுவார்" என்றான். என் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யலாமே என்றாள். "உங்கள் பெயரில் புதிதாக ஒன்று நாங்களே தொடங்கிக்கொள்வோம், கடவுச்சொல் எங்களிடம் இருக்கட்டும், அப்போதுதான் வேலை தடங்கலில்லாமல் நடக்கும்" என்றான். அவள் முகம் சுருங்கியது. நான் மேசைக்கு அடியில் அவள் முழங்காலைத் தட்டி அடக்கினேன். அந்தத் தட்டலை நினைத்தால்தான் இன்று தூக்கம் வரவில்லை.

கட்டணம் 2,00,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36,000. ஆக 2,36,000. என் நான்கு வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கினேன். ஒரு லட்சத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பினோம், மீதி 1,36,000 ரொக்கம். ரசீதும் கொடுத்தார்கள். வரி பிடித்திருக்கிறார்களே, முறையான நிறுவனம்தான் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்த ரசீதில் இருக்க வேண்டிய 15 இலக்க ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை என்பதைத் தம்பி போன வாரம்தான் காட்டினான்.

நவம்பர் முழுக்க 'வேலை நடக்கிறது' என்றார்கள். 29ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. பெயர் இருக்கும் பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. கேசரி கிண்டினேன்.

டிசம்பர் நடுவில் மகளே பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டாம் நாளே பதில் வந்தது. மரியாதையாக, நான்கே வரிகளில். உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டிருக்கிறது, ஆனால் கட்டணம் செலுத்தப்படவில்லை, விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படவில்லை, இந்த ஆண்டுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது.

கட்டணம் செலுத்தப்படவில்லை! 150 ஃபிராங்க்! 2,36,000 ரூபாயை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டவர்களுக்கு அதிலிருந்து பதினாறாயிரத்தை எடுத்துக் கட்ட மனம் வரவில்லை. திருடனாவது வந்த வேலையை முடித்துவிட்டுப் போவான்.

அதன்பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "சார் கூட்டத்தில் இருக்கிறார்." மறுநாள், "சார் சென்னை போயிருக்கிறார்." மூன்றாம் நாள் பிற்பகல் 3 மணிக்கு நேரில் போய் நின்றேன். "சூரிச்சில் இப்போது நள்ளிரவு மேடம், அங்கே யாரையும் கேட்க முடியாது" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். பக்கத்தில் நின்ற மகள் அமைதியாகச் சொன்னாள்: "அங்கே இப்போது காலை பத்தரை." அந்தப் பெண் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் கிறிஸ்துமஸ் விடுமுறை. அப்புறம் 'சர்வர் கோளாறு'. பேனா எடுத்து 'க்' போட்ட தம்பி என் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டான். வாட்ஸ்அப்பில் அவன் படமும் மறைந்துவிட்டது. மறுபடி 'டீச்சர்' போய் 'மேடம்' வந்ததைக் கவனித்தீர்களா? நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஜனவரியில் ஒருவழியாக மேலாளரைப் பார்க்க முடிந்தது. கோட்டுப் போட்ட மனிதர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஐன்ஸ்டைனே அங்கே முதல் முறை தோற்றவர்தான் மேடம். உங்கள் மகளுக்கு அடுத்த முறை கிடைக்கும்."

என் மகள் அதற்கும் பதில் சொன்னாள். 1895இல் ஐன்ஸ்டைனுக்குப் பதினாறு வயது, வயது நிரம்பாமலே நுழைவுத் தேர்வு எழுதினார், கணக்கிலும் இயற்பியலிலும் சிறப்பாகச் செய்து மற்ற பாடங்களில் விட்டார், ஆராவ் என்ற ஊரில் ஓராண்டு பள்ளிக்குப் போய் 1896இல் சேர்ந்தார். "அவர் தேர்வாவது எழுதினார் சார். என்னை நீங்கள் எழுதவே விடவில்லை" என்றாள். அவள் குரல் உயரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கிலத்தில், எக்காரணத்தாலும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. வேண்டுமானால் அதே 2,36,000 ரூபாயை வேறொரு நாட்டின் தனியார் கல்லூரிக்கு 'மாற்றிக்கொள்ளலாமாம்', கூடுதலாக 60,000 மட்டும் கட்டினால் போதுமாம்! காவல் நிலையத்துக்கும் போனோம். நீங்களாக விரும்பிக் கொடுத்த பணம், இது சிவில் விவகாரம் என்று நாற்காலி கூடப் போடாமல் அனுப்பினார்கள்.

இன்று மாலை கடைசி முறையாகப் போனேன். எழுத்துமூலம் ஒரு பதில் கேட்டேன். நாளை வாருங்கள் என்றார்கள். இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மேசையில் புதிதாக அச்சடித்த துண்டறிக்கைக் கட்டு, மை வாசனை போகவில்லை. எடுத்துப் பார்த்தேன். 'வெளிநாட்டு கல்வி வழிகாட்டி'. அதற்குமேல் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. 22 ஆண்டுகளில் எந்தப் பிள்ளையையும் அப்படித் திட்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விரிவாக எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தலை வலிக்கிறது, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். விண்ணப்பத்தைப் பிள்ளையே போடட்டும். பொறியியல் முடித்த பிள்ளைக்கு அந்தப் படிவம் பெரிய விஷயமே இல்லை. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்கள் கையில் போகவே கூடாது, பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதம் உங்கள் கண்ணில் படாமல் போவதற்கான வழியே அதுதான். உதவித்தொகை உறுதி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீதில் பதிவு எண்ணைப் பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது என்று தம்பி சொல்கிறான். எங்கள் மனு திங்கட்கிழமை போகிறது.

இன்னொன்று. இன்று மாலை அங்கே வரவேற்பறையில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தீர்களே அண்ணா, வெள்ளைச் சட்டை, பையில் வங்கிப் பாஸ்புக். காவலாளி என்னை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது உங்களிடம்தான் ஏதோ கத்தினேன். பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். உங்கள் மகள் மட்டும் எழுந்து நின்றாள். இது உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவளாகவே விண்ணப்பம் போட முடியுமா என்று. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள்.