இரண்டரை வருடம் ஒரு ஆந்தையோடு: பறக்கும் கேரக்டரை வைத்து விளையாட்டு நடத்திய அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, டைஸ் உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதன் 5ஆம் பதிப்பில் நான் டிஎம்மாக (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) இருந்து நடத்திய நீண்ட கதை போன மாதம்தான் முடிந்தது. இரண்டரை வருடம், 70க்குச் சற்று மேல் செஷன்கள், முதல் லெவலிலிருந்து 13ஆம் லெவல் வரை. ஆடியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒரு தோழி முதல் நாளே ஓலின் ரேஞ்சர் (காட்டு வேட்டை வீரர்) ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். ஓலின் என்பது ஆந்தை மனித இனம், 2021இல் விதிகளுக்குள் வந்தது. நடக்கும் வேகம் 30 அடி, பறக்கும் வேகமும் அதே அளவு. மீடியம் ஆர்மர், ஹெவி ஆர்மர் என்ற கனமான கவசங்களைப் போட்டால் பறக்க முடியாது. வேறு தடை எதுவும் இல்லை. மந்திரம் வேண்டாம், நேரக் கணக்கு வேண்டாம், முதல் லெவலிலேயே வானம் திறந்துவிடும்.

முதல் சண்டை நான்கு ஓநாய்களோடு. ஆந்தை 40 அடி மேலே போய் நின்றுகொண்டு வில்லை எடுத்தது. ஓநாயிடம் பல்லைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த விதிகளில் பறக்கும் கேரக்டர் காற்றில் அப்படியே நிற்கலாம்; நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சண்டை சுலபமாக முடியும் என்று நினைத்தேன். முடிந்தது, ஆனால் கீழே இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் சாகக் கிடந்தார்கள். ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கடிகளை நான்கு பேரே வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பறப்பவர் சண்டையைச் சுலபமாக்கிவிடுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தன் அடியைக் கூட்டாளிகள் தலையில் இறக்கிவிட்டுப் போகிறார் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதை அன்றே நான் சரியாகப் படித்திருந்தால் அடுத்த மூன்று மாதம் வீணாகியிருக்காது. எனக்குப் பட்டது வேறு: அந்த ஆந்தையை எப்படியாவது கீழே இறக்க வேண்டும். அதன் பிறகு என் உலகத்தில் எல்லோருக்கும் வில் கிடைத்தது. கொள்ளைக்காரர்களுக்கு வில், காவலர்களுக்கு வில், ஆடு மேய்ப்பவனுக்குக்கூட வில். குகைகளின் கூரை பத்து அடிக்கு மேல் உயரவே இல்லை. வெட்டவெளி என்றால் பலத்த காற்று. 2014 டிஎம் கையேட்டின்படி பலத்த காற்றில் பறப்பவர் தன் முறை முடிவதற்குள் தரையிறங்க வேண்டும், இல்லாவிட்டால் விழுவார். நல்ல விதிதான். ஆனால் அடுத்தடுத்து மூன்று செஷன் காற்று வீசினால் அது வானிலை இல்லை, டிஎம்மின் கோபம்.

நான்காவது முறை மலைக்கணவாயில் காற்று வீசியபோது தோழி என்னோடு வாதாடவில்லை. "சரி, நான் நடந்தே வர்றேன்" என்றார். அதற்கடுத்த இரண்டு செஷன்களும் ஆந்தை நடந்துதான் வந்தது. சிறகை எதற்கும் பயன்படுத்தவில்லை. மேசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஒரே விஷயத்தை நான் அவருக்கு அலுப்பாக்கிவிட்டிருந்தேன். செஷன் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ஆடு மேய்ப்பவன் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றியது ஒரு விழுகை. மூன்றாம் லெவல். ஆந்தைக்கு மொத்தம் 28 ஹிட் பாயிண்ட், அதாவது தாங்கக்கூடிய அடியின் அளவு. லாங்போ என்ற நீண்ட வில்லின் வழக்கமான எல்லை 150 அடி என்பதால் 80 அடி உயரத்தில் தைரியமாக நின்றுகொண்டிருந்தார். நான் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே கதையில் இருந்த ஒரு பூசாரி ஹோல்ட் பர்சன் (மனித வகை உயிர்களை மட்டும் முடக்கும் மந்திரம்) போட்டான், அதன் எல்லை 60 அடி. பூசாரி நின்றது கோபுரத்தின் மேல்தளம் என்பதால் எட்டிவிட்டது. மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோ தோற்றது. உடல் முடங்கியது, சிறகும் முடங்கியது. பறப்பவர் முடங்கினாலும், வேகம் பூஜ்யமானாலும், தள்ளாடிக் குப்புற விழுந்தாலும் நேரே தரைக்குத்தான். பத்து அடிக்கு ஒரு ஆறுமுக டைஸ், ஆக எட்டு டைஸ். சராசரி சரியாக 28.

மேசை அமைதியானது. டைஸை அவரையே உருட்டச் சொன்னேன். 24 விழுந்தது. நான்கு ஹிட் பாயிண்டோடு தரையில் கிடந்தார்.

அதன் பிறகு நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இன்னும் பயமாக இருந்தது. மேலே இருக்கும்போதே யாராவது அடித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தால், விழுவதால் படும் அடி முழு ஹிட் பாயிண்ட் அளவை எட்டினாலே அந்த இடத்தில் மரணம். உயிர் பிழைக்க உருட்டும் டெத் சேவ் எல்லாம் கிடையாது. 28 ஹிட் பாயிண்ட் கேரக்டர் 80 அடியிலிருந்து அப்படி விழுந்தால் பிழைப்பதைவிடச் சாவதற்கே வாய்ப்பு அதிகம். பறப்பதற்கு விலை இல்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேனே, விலை விதிப்புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

அடுத்த செஷனில் எங்கள் விசார்ட் (மந்திரவாதி) தானாகவே ஃபெதர் ஃபால் கற்றுக்கொண்டு வந்தார். முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்), அடுத்தவர் முறையிலேயே, சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் கிடைக்கும் ரியாக்‌ஷனாகப் போடலாம், விழுபவர் ஒரு நிமிடத்துக்குப் பஞ்சு போல இறங்குவார். ஆனால் விழுபவர் விசார்டுக்கு 60 அடிக்குள் இருக்க வேண்டும். விளைவு என்ன தெரியுமா? நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஆந்தை 60 அடிக்கு மேல் போவதை நிறுத்திவிட்டது. மேலே போவதற்கு முன் "நீ எங்க நிக்கப் போற?" என்று விசார்டைக் கேட்கும் பழக்கம் வந்தது. இருவருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத 60 அடிக் கயிறு. அந்தக் கயிற்றை நான் எத்தனை வில்லாளிகளை இறக்கியிருந்தாலும் கட்டியிருக்க முடியாது. விசார்டைக் குறிவைக்கும் எதிரிகளும் திடீரென்று அர்த்தமுள்ள எதிரிகளானார்கள்.

இன்னொரு விதியையும் சேர்த்துக்கொண்டோம். 2017இல் வந்த கூடுதல் விதித் தொகுப்பில் விருப்பத் தேர்வாக இருப்பது: சுயநினைவோடு, பறக்கும் வேகம் மிச்சமிருக்கும்போது தள்ளிவிடப்பட்டு விழுந்தால், விழுந்த உயரத்தில் பறக்கும் வேகத்தைக் கழித்துவிட்டுப் படும் அடியைக் கணக்கிடலாம். 60 அடியிலிருந்து விழுந்தால் எங்கள் ஆந்தைக்கு 30 அடிக்கான அடிதான். முழுதாக முடங்கினால் இந்தச் சலுகை இல்லை. இரண்டு வருடமும் இந்த விதி நன்றாகவே வேலை செய்தது, தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சண்டையை விட எனக்கு அதிக வேலை வைத்தது பள்ளங்களும் மதில்களும்தான். நாற்பது அடிப் பிளவு ஒன்றை அரை மணி நேரம் ஆடலாம் என்று எழுதிவைத்திருப்பேன். "நான் பறந்து போறேன்." முடிந்தது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகுதான் கவனித்தேன்: அக்கரையில் ஒருவர், இக்கரையில் நான்கு பேர். எங்கள் பாலடின் (கவச வீரர்) போடும் பிளேட் ஆர்மர் மட்டுமே 65 பவுண்டு. 10 ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) உள்ள ஆந்தையால் வேகம் குறையாமல் சுமக்க முடிவது 150 பவுண்டு. பாலடினைத் தூக்க முடியாது. கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டலாம், ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கரையில் தனியாக நிற்க வேண்டும். அதிலிருந்து நான் பள்ளத்தைத் தடையாக எழுதுவதை விட்டுவிட்டேன். "ஒருவர் மட்டும் முதலில் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கும்?" என்பதை எழுத ஆரம்பித்தேன். எங்கள் கதையின் மிக நல்ல காட்சிகளில் பாதி அப்படி வந்தவை. மதிலுக்கு அப்பால் தூங்காத ஒரு குழந்தை, ஆந்தையைப் பார்த்துச் சிரித்தது. அலறப்போகிறதா இல்லையா என்று ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உளவு பார்ப்பது வேறு தலைவலி. ஓலினுக்கு இருட்டில் 120 அடி கண் தெரியும், ஸ்டெல்த் (ஒளிந்து நகரும்) திறமையும் கூடவே வரும். ஆகவே ஒவ்வொரு முகாமுக்கும் முன்பு இருபது நிமிடம் அவரும் நானும் மட்டும் பேசிக்கொண்டிருப்போம், மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து: கீழே இருக்கும் காவலர்களை மற்ற ஆட்டக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன். ஆளுக்கொரு காவலன், ஒவ்வொருவனுக்கும் ஒரு வரியில் கவலை. "உனக்குச் சம்பளம் வரலை", "உனக்குத் தூக்கம் வருது". அவர்கள் பேசிக்கொள்வதை மேலிருந்து ஆந்தை கேட்கும். பாலடின் ஆடியவர் இப்படி நடித்த ஒரு சோம்பேறிக் காவலன் பிறகு கதையில் நிரந்தரமாகவே ஒட்டிக்கொண்டான்.

பேட்டில் மேப்பில் (கட்டம் போட்ட சண்டை வரைபடம்) உயரத்தைக் காட்டக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்டாண்டுகள் வாங்கினேன். பார்க்க அழகு, கை பட்டால் சரியும். மினியேச்சர் (கேரக்டரின் குட்டிப் பொம்மை) பக்கத்தில் பத்துமுக டைஸ் ஒன்றை வைத்து ஒரு எண்ணுக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டோம்; யாராவது மறந்து அதை எடுத்து உருட்டிவிடுவார்கள், ஆந்தை 20 அடியிலிருந்து 90க்குத் தாவிவிடும். கடைசியில் நிலைத்தது துண்டுக் காகிதமும் பென்சிலும். தூரம் கணக்கிடக் கர்ண விதியெல்லாம் வேண்டாம். கட்டங்களில் மூலைவிட்டமும் ஒரு கட்டமாகவே எண்ணப்படுவதால், கிடைத்தூரம், உயரம் இரண்டில் எது பெரிதோ அதுவே தூரம்.

ஐந்தாம் லெவலுக்குப் பிறகு நிலைமை தானாகவே மாறியது. விசார்டுக்கு மற்றவரையும் பறக்கவைக்கும் ஃப்ளை ஸ்பெல் கிடைத்தது, 60 அடி வேகம், பத்து நிமிடம். ஆந்தையை விட இரண்டு மடங்கு வேகத்தில் பாலடின் பறந்தார். ஒரு சண்டையில் விசார்ட் மீது அம்பு வந்தது, ஷீல்ட் என்ற தடுப்பு மந்திரம் போட்டார், அப்படியும் பட்டது, கான்சன்ட்ரேஷன் போனது, அதோடு பாலடினைப் பறக்கவைத்த ஃப்ளையும் போனது. ஷீல்டுக்கு ரியாக்‌ஷன் செலவாகிவிட்டதால் ஃபெதர் ஃபால் போட முடியவில்லை. 40 அடியிலிருந்து பாலடின் பானை உருள்வது போல வந்து விழுந்தார். ஆந்தை ஆடியவர் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. எட்டாம் லெவல் தாண்டியதும் வைவர்ன் (டிராகன் போன்ற பறக்கும் மிருகம்), இளம் டிராகன் என்று வந்தவை எல்லாம் 80 அடி வேகம். வானத்தில் எங்கள் ஆந்தைதான் மெதுவானது. அது முதல் கீழே இறங்கி மரங்களுக்குள் ஒளிவதை அவரே தேர்ந்தெடுத்தார்.

ஆரகோக்ரா என்ற பறவை மனித இனத்தின் 2015இல் வந்த முதல் வடிவத்துக்குப் பறக்கும் வேகம் 50 அடி. அதை நான் அனுமதிக்க மாட்டேன், 2022இல் நடக்கும் வேகத்துக்கே அதைக் குறைத்துவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி விளையாட்டின் 2ஆம் பதிப்பிலும் சில செஷன்கள் நடத்தியிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பறப்பதற்கு ஒரு ஆக்‌ஷன் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுவீர்கள். ஒழுங்கான விதி. ஆனால் அங்கே பறப்பவர்களை யாரும் பொறாமையோடு பார்த்து நான் பார்க்கவில்லை.

புதுக் கதை அடுத்த வாரம் தொடங்குகிறது. இந்த முறை விசார்டாக இருந்தவருக்கு ஃபேரி (பறக்கும் குட்டித் தேவதை இனம்) வேண்டுமாம். சரி என்றேன். ஃபெதர் ஃபால் யார் எடுக்கப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன், ஒருவரும் கை தூக்கவில்லை. ஃபேரிகள் மனித வகை இல்லை, ஹோல்ட் பர்சன் அவர்களைப் பிடிக்காது. அதை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார் போலிருக்கிறது, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.