ஏற்காட்டுச் சரிவில் 11 பருவமழை கண்ட எங்கள் மண் அணை

நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் 4 ஏக்கர் காபித் தோட்டத்தில், ஓடைப் பள்ளத்தை மறித்து 2014 கோடையில் மண் அணை கட்டினோம். கரை 4 மீட்டர் உயரம், 35 மீட்டர் நீளம். நிறைந்தால் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் நிற்கும். மொட்டு விட்ட அராபிகா செடிகள் ஒருசேரப் பூக்க, மாசி, பங்குனியில் 25 மில்லிமீட்டர் அளவுக்காவது நல்ல மழை வேண்டும். அம்மழை தவறும் ஆண்டில் தெளிப்பு நீரால் அதை ஈடு செய்ய ஏக்கருக்கு 1 லட்சம் லிட்டர் தேவைப்படும் என்பதே இந்த அணையைக் கட்டக் காரணம். அந்த வகையில் அது எங்களைக் கைவிட்டதில்லை.

ஆனால் 2015 ஐப்பசியில் அதை இழந்திருப்போம். நீர் எடுக்கும் குழாயைக் கரைக்கு அடியில் பதித்தவர், குழாயோரமாக நீர் ஊடுருவாமல் தடுக்கும் கான்கிரீட் வளையங்களை அதைச் சுற்றிப் போடாமல் இயந்திரத்தால் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார். அணை நிறைந்ததும் குழாயை ஒட்டிக் கரையடியில் கசிவு தோன்றியது. அளவு கூடாமல் தெளிந்து வரும் கசிவு மண் அணைக்கு இயல்பானதே. கலங்கி வந்தால் நீர் கரையை உள்ளிருந்து அரித்து வருகிறது என்று பொருள். கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்த நீரின் அடியில் விரற்கடை அளவு செம்மண் படிந்ததைக் கண்ட அன்றே, மோட்டார் வைத்து நீர்மட்டத்தைப் பாதிக்கு இறக்கினோம். மறு சித்திரையில் கரையை வெட்டி, வளையங்களுடன் குழாயை மீண்டும் பதித்து, களிமண்ணை நனைத்து 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு இறுக்கினோம். உருளை நெருங்க முடியாத குழாயோரத்தில் ஆட்கள் கையால் இடித்தார்கள். முதலிலேயே அவ்வாறு செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் பல மடங்கு செலவாயிற்று.

மிகை நீர் வழிந்தோடும் கலிங்கைக் கரை மண்ணில் அமைக்காமல், பக்கவாட்டில் உள்ள இயற்கைக் கெட்டித் தரையில் வெட்டியது நாங்கள் செய்த நல்ல முடிவு. சில்வர் ஓக் சருகும் கிளைகளும் அதை அடைத்துவிடும் என்பதால், பெருமழை இரவுகளில் விளக்குடன் ஒருவர் போய்ப் பார்த்து வருவார். கரைக்குக் கீழே தொழிலாளர் வீடுகள் இருக்கும்போது இதில் அலட்சியம் கூடவே கூடாது. கரையில் புல்லும் வெட்டிவேரும் மட்டுமே வளர்க்கிறோம். மரக்கன்று முளைத்தால் உடனே பிடுங்கிவிடுகிறோம், ஏனெனில் வேர் மட்கிய துளை நீருக்கு வழியாகும். நண்டு வளைகளையும் ஆவணியிலேயே தோண்டி, களிமண்ணிட்டு அடைக்கிறோம்.

இப்போது மேல்முனையில் வண்டல் முழங்கால் அளவு சேர்ந்துள்ளது. வரும் பங்குனியில் பாசனம் முடிந்ததும் அதை அள்ளி, மிளகுக் கொடிகளின் தூரில் இடப் போகிறோம்.